வெளியே தொங்கிய பூட்டு

வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். ஒருமுறை பார்த்தால் மனசு ஆறாது. பூட்டைப் பிடித்து இழுப்பேன், ஆட்டுவேன், கொஞ்ச தூரம் போய் மறுபடியும் வருவேன். என் வீட்டுக்காரர் இருந்தபோது, "இன்னும் ரெண்டு இழு இழுத்தா பூட்டு கையோட வந்துரும், பிறகு கள்ளனுக்குச் சோலி மிச்சம்" என்பார். அவர் போனபின் கேலி செய்ய ஆளில்லை. என் இழுவை மட்டும் கூடிவிட்டது. மகள் பெங்களூரில் இருக்கிறாள். நான் பாளையங்கோட்டையைத் தாண்டி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வயலை மேடாக்கி பிளாட் போட்டு 'நகர்' என்று பெயர் வைத்த ஒரு தெருவில் தனியாக இருக்கிறேன்.

எங்கள் தெருவில் முதலில் போனது ஒரு தாலிச் சங்கிலி. மூலைவீட்டு அம்மாள் விடிகாலையில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, பைக்கில் வந்த இரண்டு பேர் விலாசம் கேட்டார்கள். நிமிர்ந்தவள் கழுத்தில் கை போட்டு அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு பல நாள் இருந்தது. அடுத்தது, குழந்தைக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போன குடும்பத்தின் வீடு. திரும்பி வந்தால் பீரோ வாயைப் பிளந்து கிடந்தது. அதன்பிறகு யார் வீட்டில் எது காணாமல் போனாலும் கள்ளன் தலையில்தான் விழுந்தது. ஒரு அண்ணாச்சியின் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கள்ளன் கொண்டுபோனதாகப் பேசிக்கொண்டோம். அது பிறகு அரிசி டிரம்முக்குள் கிடைத்தது. களவு கூடியதா, களவைப் பற்றிய பேச்சு கூடியதா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. தூக்கம் குறைந்தது மட்டும் நிச்சயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடந்த மனையில் சாமியானா போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் எஸ்.ஐ. வந்திருந்தார். சின்ன வயசுதான், ஆனால் பேச்சில் சுற்றி வளைப்பு இல்லை.

"பூட்டுன வீட்டக் கள்ளன் எப்படிக் கண்டுபிடிக்கான்? உங்க கோலத்த வச்சுத்தான். ரெண்டு நாள் வாசல் வெறுமனே கெடந்தா, அது நீங்க அவனுக்கு வைக்குற அழைப்பிதழ். வெளியூர் போனா பக்கத்துல சொல்லிட்டுப் போங்க. தண்ணி தெளிச்சு ஒரு கோலம் போடச் சொல்லுங்க."

எல்லாரும் தலையாட்டினோம். தெருமுனையில் கேமரா வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு குழு வந்தது. குழுவில் ராத்திரி பகல் என்று இல்லாமல் எச்சரிக்கைகள் வந்து விழுந்தன. அதில் ஒன்று இப்போதும் எனக்கு மனப்பாடம்: பெண் முனகுவது போலவும் குழந்தை அழுவது போலவும் சத்தம் கொடுத்துத் திருடர்கள் கதவைத் திறக்க வைக்கிறார்கள், எந்தச் சத்தம் கேட்டாலும் திறக்காதீர்கள், அனைவருக்கும் பகிருங்கள். பகிர்ந்தேன். என் தம்பி, தங்கை, மகள், பழைய அலுவலகத் தோழிகள், ஒருவரையும் விடவில்லை.

நகர் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பதற்றக்காரர் தெருவில் உண்டென்றால் அவர்தான். வாடகைக்கு இருப்பவர்களின் ஆதார் நகல்களை வாங்கி ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்றார். சொந்த வீட்டுக்காரர்களிடம் யாரும் கேட்கவில்லை. பெண்கள் இருக்கும் வீட்டுக்குத் தனியாகப் போவது சரியில்லை என்று என்னையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

எதிர்வீட்டில் இருந்தவள் கூடங்குளத்துக்குப் பக்கத்துக் கடற்கரையூர்க்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில். இரண்டு பெண்பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வந்து வாடகைக்கு இருந்தாள். வாசல் நிலைக்கு மேலே மாதா படம். செயலாளர் விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் நகலை எடுத்து வந்து கொடுத்தாள்.

"எங்க ஊர்லயும் களவு உண்டு," என்றாள். "கரையில காயப்போட்ட வலையவே சுருட்டிட்டுப் போயிருவானுவ. ஆனா அங்கன யாருகிட்டயும் சீட்டு வாங்க மாட்டாவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். செயலாளருக்கு அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது, ஆனால் டீ கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தோம்.

மகள் வீட்டுக்குப் போக வேண்டி வந்தபோது, கோலத்துக்கு ஆள் தேடினேன். பக்கத்து வீட்டில் முழங்கால் வலி, பின்வீட்டில் மருமகளுக்குப் பேறுகாலம். எதிர்வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

"எனக்குக் கிறிஸ்மஸ் ஸ்டார் மட்டுந்தான்க்கா வரும்," என்றாள். என் வயசுக்கு அவள் ஆச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். அக்கா என்று கூப்பிட்டதற்காகவே அவளை எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு சாயங்காலம் அவளுக்குச் சின்னதாக ஒரு புள்ளிக்கோலம் சொல்லிக்கொடுத்தேன். புள்ளியைச் சுற்றிக் கோட்டை வளைக்கும்போது ஒரு இடத்தில் எப்போதும் வெளியே ஓடிவிடும். அவள் பிள்ளைகள் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். "பரவால்ல, கள்ளன் என்ன பரிசா குடுக்கப் போறான்," என்றேன். கோலப்பொடி டப்பாவை அவளிடம் கொடுத்தேன். அவள் டப்பாவை வாங்கிக்கொண்டு கொஞ்சம் நின்றாள்.

"சாவியக்கா? மழ கிழ பெஞ்சா, மோட்டார் ஓடுனா..."

"இருக்கட்டும்மா. உனக்கு எதுக்குச் சிரமம்?" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

பெங்களூரில் எனக்கு ஒரு வேளையும் நிலைகொள்ளவில்லை. பின்கதவுக் கொண்டியைப் போட்டேனா என்ற சந்தேகம் ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டது. தினமும் காலையில் எதிர்வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, கோலம் போட்டாச்சா என்று கேட்டேன். ஒருநாள் போட்டோ அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள், கோடு அதே இடத்தில் ஓடியிருந்தது. மகளுக்கு எரிச்சல். "அம்மா, நீ இங்க இருக்கியா, இல்ல அந்தக் கேட்லயே தொங்கிட்டு இருக்கியா?" என்றாள். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு என்ற பழைய பேச்சை எடுத்தாள். நானும் விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம். சொன்ன நாளுக்கு முன்பே கிளம்பிவிட்டேன். எதிர்வீட்டுக்காரியிடம் வருகிறேன் என்று சொல்லவில்லை. திடீரென்று போய் நின்றால் வாசல் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமே என்று ஒரு எண்ணம்.

நல்ல கோடை. உச்சி வெயிலில் ஆட்டோவில் வந்து இறங்கினேன். தெருவில் ஒரு காக்கா இல்லை. வாசலில் கோலம் இருந்தது. பின்கதவுக் கொண்டியும் போட்டபடியே இருந்தது. அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

தனியாக இருக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பகலில் படுக்கப் போகும்போது கிரில் கதவைச் சாத்தி, கம்பிக்கு இடையே கையை விட்டு, பூட்டை வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டுப் பூட்டிவிடுவோம். பார்க்கிறவனுக்கு வீட்டில் ஆளில்லை என்று தோன்றும். கள்ளனுக்காக இல்லை, கோயில் கொடைக்கு வசூல், கும்பாபிஷேகத்துக்கு வசூல், சங்கத்துச் சந்தா என்று வந்து பெல் அடிக்கிறவர்களுக்காக. அன்றைக்கும் அப்படியே பூட்டினேன். மரக்கதவைச் சும்மா சாத்தினேன். போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு, முகம் கழுவக் குளியலறைக்குள் போனேன்.

எங்கள் குளியலறை வீட்டின் முன்மூலையில், கேட்டை ஒட்டி இருக்கிறது. வாஸ்து பார்த்தவர் பேச்சைக் கேட்டு என் வீட்டுக்காரர் அங்கே கட்டினார். வாசலில் நுழைந்ததும் குளியலறை என்று நான் வருஷக்கணக்கில் அவரைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். தரையில் சோப்புத் துண்டு கிடந்ததா, வெயிலில் வந்த கிறக்கமா, தெரியாது. கால் வழுக்கியது. இடுப்பு தரையில் மோதிய சத்தம்தான் முதலில் கேட்டது, வலி பிறகுதான் வந்தது. நகரப் பார்த்தேன். கால் என்னுடையதாகவே இல்லை.

கூப்பிட்டேன். முதலில் எதிர்வீட்டுக்காரியை, பிறகு பக்கத்து வீட்டை, பிறகு யாராவது என்று. வெயிலுக்கு எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. சாயங்காலம் திறப்பார்கள் என்று காத்திருந்தேன். சாயங்காலம் டிவிகள்தான் திறந்தன. களவு பயம் வந்தபின் எங்கள் தெருவில் விளக்கு வைத்ததும் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம் என்பது அப்போது ஞாபகம் வந்தது. ஹாலில் போன் அடித்து அடித்து நின்றது. மகளாகத்தான் இருக்கும். கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைத்திருப்பாள். நாலைந்து நாளாக ஆளில்லாத வீடு, வாளி காய்ந்து கிடந்தது. குழாய் கைக்கு எட்டவில்லை. நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. பயந்தேன். செத்துப்போவதைவிட, செத்து எத்தனை நாள் கழித்துக் கதவைத் திறப்பார்கள் என்பதை நினைத்துத்தான் பயந்தேன். வாசலில் தினமும் கோலம் இருக்குமே, யாருக்குச் சந்தேகம் வரும்?

ராத்திரி எப்படிப் போனது என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. வெளுக்கும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. சளப், சளப் என்று. அந்தத் தண்ணீரை நினைத்து எனக்கு அழுகை வந்தது. பிளாஸ்டிக் கப்பை எடுத்துத் தரையில் தட்டினேன். "நான்தான்" என்றேன். முனகலாகத்தான் வந்தது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு செருப்புச் சத்தம் ஓடியது.

அவள் ஓடியது செயலாளரிடம். செயலாளர் குழுவில் தட்டிவிட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வென்டிலேட்டர் வழியாகத் தெருவே பேசுவது எனக்குக் கேட்டது. அத்தனையும் தெரிந்த குரல்கள்.

"பின்பக்கமா ஏறி எறங்கி உள்ளதான் இருக்கான். தட்டுதான் பாருங்க."

"முனங்குதது பொம்பளக் குரல் மாதிரில்லா இருக்கு."

"அதான் குழுவுல வந்துச்சே வே. பொம்பள மாதிரி முனங்குவானாம். தொறந்தா போட்டுருவான்."

"நான்தான், நான்தான்" என்றேன். பேரையும் சொன்னேன். வறண்ட தொண்டையிலிருந்து என்ன வந்ததோ, எனக்கே விளங்கவில்லை.

"நான்தாங்கான். கள்ளனும் அதான சொல்லுவான்," என்றது ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள். கையில் கம்பு வைத்திருக்கிறவர்களின் சிரிப்பு என்று குரலிலேயே தெரிந்தது.

செயலாளர் எனக்குப் போன் போட்டார். ஹாலில் போன் அடித்தது.

"போன் உள்ள அடிக்கி."

"மறந்து வச்சுட்டுப் போயிட்டாக போல."

அப்போதுதான் எதிர்வீட்டுக்காரி குரல் கேட்டது. "எப்படி அண்ணாச்சி? பெங்களூர்ல இருந்து இந்தப் போன்லதான தெனமும் பேசுனாவ. முந்தாநேத்துகூடக் கோலம் போட்டாச்சான்னு கேட்டாவ. கள்ளன் பெங்களூர் போயி போனத் தூக்கிட்டு வந்தானா? அக்கா வந்துட்டாவ. உள்ள கெடக்காவ."

"அப்போ பூட்டு வெளிய தொங்குதே. உள்ள இருக்கவுக எப்படிம்மா வெளிய பூட்டுவாக?"

"பகல்ல அப்படித்தான் பூட்டுவாவ. கம்பிக்குள்ள கைய விட்டு. நான் எதுக்க இருந்து பாக்கமுல்லா."

"எதுக்கு?"

"சந்தா வாங்க நீங்க வருவீயன்னு."

அந்த வலியிலும் எனக்கு வெட்கமாக இருந்தது. செயலாளர் என்ன முகம் வைத்திருந்தாரோ. குரலைக் கனைத்துக்கொண்டார்.

"எதுக்கும் போலீஸ் வரட்டும். நாம பூட்ட உடைச்சு, பிறகு உள்ள ஒண்ணு கொறையுதுன்னா யாரு பதில் சொல்ல?"

எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஆமாம்களை நான் தரையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். என் கதவை உடைக்க வேண்டாம் என்று என் நன்மைக்காகச் சொல்கிறார்கள். கப்பைத் தட்டக்கூடக் கையில் வலு இல்லை. இவர்கள் பேசி முடிப்பதற்குள் நான் போய்விடுவேன் என்று உண்மையாகவே நினைத்தேன்.

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். அங்கே கொத்தனார் போட்டு வைத்திருந்த சம்மட்டியை அவள் இழுத்துக்கொண்டு வந்தாள் என்று பிறகு சொன்னார்கள். எனக்குக் கேட்டது கேட் திறக்கும் சத்தமும், சிமெண்டில் இரும்பு உரசும் சத்தமும்தான்.

"ஏம்மா, நீ வாடகைக்கு இருக்கவ. உனக்கெதுக்கு வம்பு?" என்றார் யாரோ.

"அதுக்குத்தான் சொல்லுதேன். எல்லாரும் இங்கன வந்து நில்லுங்க. நான் உடைக்கத நல்லாப் பாத்துக்கிடுங்க. எங்கையில ஒண்ணுமில்ல, பையி கிய்யி இல்ல. வெளிய வரும்போதும் பாத்துக்கிடுங்க. சின்னவளே, அம்மாவப் போன்ல படம் எடு."

பூட்டு லேசில் உடையவில்லை. நல்ல பூட்டு, டவுணில் கடை கடையாக ஏறி இறங்கி நானே இழுத்துப் பார்த்து வாங்கியது. அவள் அடிக்கிற ஒவ்வொரு அடியும் என் இடுப்புக்குள் விழுந்தது. உடைந்ததும் மரக்கதவு தானாகத் திறந்துகொண்டது. குளியலறை வாசலில் வந்து நின்றவள், "மாதாவே" என்று மெதுவாகச் சொன்னாள். உட்கார்ந்து என் தலையை மடியில் தூக்கி வைத்தாள். அவள் கையெல்லாம் கோலப்பொடி. பின்னாலேயே தெருவில் பாதி உள்ளே வந்து எட்டிப் பார்த்தது.

"பைய, பைய. எடுத்து அசைக்காதீங்க," என்று எல்லாரையும் அதட்டினாள். நனைத்த துணியை என் உதட்டில் வைத்தாள். எங்கள் சமையல்கட்டில் டம்ளர் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தண்ணீரையும் தன் வீட்டிலிருந்துதான் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். இடம் தெரியாததால்தான் எங்கள் சாமான் எதையும் தொடவில்லை என்று நான் அப்போது நினைத்தேன்.

இடுப்பில் தகடு வைத்துத் தைத்தார்கள். மகள் வந்து லீவு தீரும்வரை இருந்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாள், முடியவில்லை, திட்டினாள், அழுதாள், போனாள். நான் வாக்கரோடு நடக்கப் பழகினேன். குழுவில் அந்த முனகல் எச்சரிக்கையை யாரோ மறுபடியும் பகிர்ந்திருந்தார்கள். வழக்கம்போல ஏழெட்டுக் கும்பிடு விழுந்திருந்தது. செயலாளர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். சந்தாவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, நானே கொடுத்துவிட்டேன்.

எதிர்வீட்டுக்காரிதான் மதியச் சோறு கொண்டுவந்தாள். வாசலில் கோலமும் அவள்தான். என்னால் குனிய முடியாதே. கோடு ஓடுகிற இடத்தில் இப்போதும் ஓடுகிறது. மகள் புதுப் பூட்டு வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதன் சாவியில் ஒன்றைத் தனியாகக் கழற்றி, ஒருநாள் அவள் பாத்திரத்தை வைத்துவிட்டு நிமிரும்போது நீட்டினேன்.

"இது உங்கிட்ட இருக்கட்டும்."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேஜைமேல், என் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கோலம் போடுதேன்க்கா. நீங்க நல்லா நடக்குற வரைக்கும் சோறும் கொண்டாரேன். சாவி மட்டும் வேண்டாம்."

"ஏம்மா?"

"அன்னைக்காவது தெருவே சாட்சிக்கு நின்னுச்சு. தெனமும் யாரக் கூப்பிட்டு நிறுத்தட்டும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். குழம்பு ஆறிவிடும், சாப்பிடுங்கள் என்கிற மாதிரிதான் சொன்னாள். எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது, போய்விட்டாள்.

சாவி இன்னும் அந்த மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. எழுந்து போய்த் திறந்துவிடுகிற வேகம் என் காலுக்கு இன்னும் வரவில்லை. அதனால் பகல் முழுக்கக் கிரில்லைப் பூட்டுவதில்லை, கொண்டிகூடப் போடுவதில்லை. என் வாழ்க்கையில் நான் இப்படி இருந்ததே இல்லை. தெருவில் பைக் சத்தம் மெதுவானால் வாசலை எட்டிப் பார்க்கிறேன். விலாசம் கேட்கிற குரல் எது கேட்டாலும் கழுத்துக்குக் கை போகிறது. போய்ப் பூட்டிவிடலாம் என்று வாக்கரைப் பிடித்து எழுந்திருக்கிறேன். பிறகு மணியைப் பார்க்கிறேன். அவள் சோற்றுப் பாத்திரத்தோடு வருகிற நேரமாக இருக்கிறது. திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறேன்.